முதுகுத் துண்டோடு நீரூற்றுக்குள்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பெற்றோருக்கான பத்திரிகை ஒன்று கேட்டிருந்தது: கோடையில் ஹாங்காங்கில் குழந்தைகளோடு வெளியே சுற்றி மகிழச் சில யோசனைகள். தொப்பி, தண்ணீர் பாட்டில், மர நிழல் உள்ள பாதை, எல்லாம் எழுதினேன். ‘உச்சி வெயிலில் வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற வரியில் கை நின்றுவிட்டது. எந்த வீட்டுக்குள்? ஷாம் ஷுய் போ பகுதியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஒரு வீட்டைப் பல அறைகளாகத் தடுத்து, ஜன்னல் இல்லாத ஒன்றில் குடியிருப்பவர்களுக்கு வெளி வெயிலே தேவலை. கட்டுரை அங்கேயே செத்தது. மிச்சம் இருப்பது இது.

2

முதல் தொடக்கம்: ‘ஆகஸ்டு மாதச் சூரியன் நகரத்தின் மேல் உருகி வழிய’... வேண்டாம். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சூரியன் உருகி வழியும்.

இரண்டாவது: ‘சாவ்-யிங் ஓர் ஏழைத் தாய்.’ அடித்துவிட்டேன். அவள் காதில் விழுந்தால் என்னை அடிப்பாள்.

மூன்றாவது: அப்படியோர் அறையில் குடியிருக்கும் சாவ்-யிங் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாள். ஞாயிறு மட்டும் விடுமுறை. மகள் லோக்-யீக்கு ஏழு வயது. கடலோரக் குடியிருப்புச் சதுக்கத்தில் தரையிலிருந்து பீறிடும் நீரூற்றில் நனைய விடுகிறேன் என்று, பள்ளி விடுமுறை தொடங்கியபோதே மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். ஒரு ஞாயிறு புயல். ஒரு ஞாயிறு முதலாளி வேலைக்குக் கூப்பிட்டார். ஒரு ஞாயிறு காய்ச்சல். நாளை பள்ளி திறக்கிறது. நீரூற்றையும் இன்று மாலையோடு நிறுத்திவிடுவார்கள்.

[கெடு இவ்வளவு வசதியாக வந்து நிற்பது கதையில் மட்டும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

“இன்னிக்கும் அடுத்த வாரம்னு சொல்லிடாதம்மா.”

“வாய மூடிட்டு நிழல்ல நட.”

“நிழல் பூரா நீதான் நடக்குற. எனக்கு எங்க இடம்?”

சாவ்-யிங் வெயிலுக்கு நகர்ந்துகொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் மகளின் சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தடவிப் பார்த்தாள். கழுத்துப் பட்டி வழியாகச் செருகிய சின்னத் துண்டு, பாதி உள்ளே, பாதி வெளியே. பணக்காரர் பிள்ளையோ பாத்திரம் கழுவுகிறவள் பிள்ளையோ, இந்த ஊரில் வெயிலில் இறங்கினால் முதுகில் துண்டு உண்டு. வியர்வை முதுகிலேயே காய்ந்தால் சளி பிடிக்கும். நனைந்ததை உருவ வேண்டும், காய்ந்ததைச் செருக வேண்டும்.*

* இது மூடநம்பிக்கை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். முடித்ததும் என் முதுகையே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பத்தியைத் தூக்கிவிட்டேன்.

4

சதுக்கத்தில் நீச்சல் உடையும் கண்ணாடியும் போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பணிப்பெண்கள் பூத்துவாலைகளோடு காத்திருந்தார்கள். லோக்-யீ போட்டிருந்தது பள்ளி விளையாட்டு உடை. சாவ்-யிங் அவள் முதுகிலிருந்த ஈரத்துண்டை உருவினாள். பையிலிருந்து காய்ந்த துண்டை எடுத்துச் செருகினாள். சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள்.

“ம், ஓடு.”

லோக்-யீ நகரவில்லை. “தண்ணிக்குள்ள போறதுக்கு எதுக்கும்மா காஞ்ச துண்டு?”

சாவ்-யிங் மகளைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு

[இல்லை. இது சினிமா.]

“அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. ஓடுன்னா ஓடு!”

ஓடினாள். துண்டு வாலாக ஆடியது.

5

‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று பலகை இருக்கிறது. ஆகவே காவலாளி வேண்டும். யாவ் என்று பெயர் வைத்தேன். முதலில் அவரைக் கத்த வைத்தேன். ஆனால், சாவ்-யிங்கைப் போலவே நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதிக்கும் ஒருவரை வில்லனாக்குவது சோம்பேறித்தனம். பிறகு அவரை இளகிய மனசுக்காரர் ஆக்கினேன். அது இன்னும் மோசம். நல்ல காவலாளி ஒருவரை நிறுத்திவிட்டால், பலகை வைத்தவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கடைசியில் வந்தவர் இவர்:

“ஏம்மா, எந்த பிளாக் நீங்க?”

“பின்னாடி பிளாக்.”

“பின்னாடி கடல்தான் இருக்கு.”

“அப்ப முன்னாடி.”

யாவ் சிரிப்பை அடக்கினார். “இதோ பாரும்மா. மேல் வீட்டுலேர்ந்து யாரும் போன் பண்ணாதவரைக்கும் என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பண்ணிட்டா விசில் அடிச்சே ஆகணும். இல்லேன்னா நாளைக்கு நானும் உன்கூட வெளிய நிப்பேன்.”

“இத்தன புள்ளைங்க நனையுது. எம்புள்ள மட்டும் எப்பிடிண்ணே மேலேர்ந்து தெரிவா?”

யாவ் தாடையால் காட்டினார். “தண்ணிக்குள்ள துண்டோட போனவ அவ ஒருத்திதான்.”

[நான் தடுத்தும் கொஞ்சம் நல்லவராகத்தான் வந்திருக்கிறார்.]

6

முடிவுகள்.

அ) சாவ்-யிங் மகளைக் கூப்பிட்டுத் துண்டை உருவிவிடுகிறாள். லோக்-யீ கூட்டத்தில் கலந்து, யாருக்கும் தெரியாமல் நனைகிறாள். எழுதிப் பார்த்தேன். ஒரு குழந்தை தண்ணீரில் நனைய, யாருக்கும் தெரியாதவளாக எதற்கு ஆக வேண்டும்? கிழித்துவிட்டேன்.

ஆ) காவலறையில் போன் அடிக்கிறது. யாவ் விசிலை எடுத்து

இதை என் கையால் முடிக்க மாட்டேன்.

இ) போன் அடிக்கவே இல்லை. இதைத்தான் எழுத ஆசை. ஆனால் அது என் கையில் இல்லை. சாவ்-யிங் கையிலும் இல்லை, யாவ் கையிலும் இல்லை. மேலே, பன்னிரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல். உள்ளே ஏசி ஓடுகிறது. பெற்றோருக்கான பத்திரிகை மேசையில் கிடக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்.

கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒருத்தியின் முதுகில் மட்டும் வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. ஓரத்தில் அவள் அம்மா, அடுத்த காய்ந்த துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தண்ணீரை நிறுத்த இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. போன் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.