வீட்டுக்கே வந்து செய்து தரப்படும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வெப்சைட் உலகத்துக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஐந்து தடவை ஓடினேன். ஒவ்வொரு தடவையும் போனில் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். இருந்தது! ஐந்தாவது தடவையும் இருந்தது!

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். முன்னறைதான் கடை. அந்தக் கடைக்குத்தான் வெப்சைட். மூன்று மாதமாகப் பாடம் பார்த்து, ஒவ்வொரு வரியையும் நானே தட்டி எழுதினேன். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. என் நாத்தனாருக்கு (அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்) இதெல்லாம் விளையாட்டாகப் பட்டது. தனக்குத் தெரிந்த கம்பெனியை வைத்துச் செய்யலாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இவளோடது வந்து, அதைப் பாத்து ஒரே ஒரு ஆளாவது கூப்பிடட்டும். இல்லேன்னா சனிக்கிழமை காலைல கம்பெனி ஆள் வருவான்."

அவருக்கு "சரிக்கா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு "சரிம்மா" என்றார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவருக்குப் பழக்கமே கிடையாது. கம்பெனி வந்தால் என் மூன்று மாதமும் வீண்.

அதனால் அண்ணிக்குத்தான் முதலில் லிங்க் அனுப்பினேன். கொஞ்சம் கொழுப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அந்தப் பக்கம் அண்ணி மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீயே ஒரு தடவை படிச்சுப் பாத்தியா?"

"ஏன் அண்ணி, நல்லா இல்லையா?"

"பிரமாதம்! எனக்குத் தெரிஞ்ச எல்லா குரூப்புலயும் போட்டுட்டேன். ஊரே பாக்கட்டும்!"

பக்கத்தைத் திறந்தேன். பெரிய சிவப்பு எழுத்தில், நட்டநடுவில், நானே நிறம் பார்த்துப் போட்ட வரி: "அவசரமா? ஒரு போன் போதும். அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்கே வந்து சாவு செய்து தரப்படும்."

சாவி! ஐயோ, சாவி! ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் கீபோர்டு அது. அதில் ஐயும் யூவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. விரல் ஒரு நூல் தள்ளிப் போயிருக்கிறது. நூறு தடவை பார்த்த வரி. நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

மானம் கப்பலேறியது. அழலாமா என்று யோசித்தேன், அதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஃபைலைத் திறந்து எழுத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்து நாற்பதுக்குக் கடை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"பூட்டுக் கடைங்களா?" ஒரு பெண் குரல், அதிலும் சிரிப்பு. "குப்பை கொட்ட வெளிய வந்தேன், கதவு சாத்திக்கிச்சு. எங்க குரூப்புல யாரோ உங்க வெப்சைட்டைப் போட்டிருந்தாங்க. சாவு வேண்டாங்க, சாவி மட்டும் போதும். வருவீங்களா?"

"வரோம், இதோ வரோம், வந்துட்டே இருக்கோம்!"

வீட்டுக்காரர் கருவிப் பையை எடுப்பதற்குள் நான் ஸ்கூட்டரில் பின்சீட்டைப் பிடித்துவிட்டேன்.

"நீ எதுக்கு?"

"முதல் ஆளுங்க! நான் பாக்க வேண்டாமா?"

மூன்றாவது மாடி. காலிக் கூடையும் கையுமாக அந்தம்மா நின்றிருந்தார். இவர் மண்டியிட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டார்.

"அந்த வெப்சைட்டை எந்தக் கம்பெனிங்க பண்ணுச்சு?" என்று கேட்டார் அந்தம்மா.

நான் சுவரைப் பார்த்தேன். திட்டுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"கம்பெனி எல்லாம் இல்லைங்க," என்றார் இவர், திருப்புளியைப் பைக்குள் போட்டபடி. "இவதான். மூணு மாசம், ஒவ்வொரு வரியும் கையால அடிச்சா. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

பார்த்தாரா? மனிதர் ஒருநாள்கூடச் சொல்லவில்லையே! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அக்கா, நாளைக்கு உன் ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு." அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. முழுவதையும் கேட்டுக்கொண்டார். "இல்லக்கா. எனக்கு இதுதான் வேணும்."

முன்பின் தெரியாத வீட்டு வாசலில், இந்த வயதில், நான் குதித்தேன்.