இரண்டு இழுப்பு

முகத்துவாரக்குப்பத்து மீனவர் அப்பாவு வாழ்நாளில் ஒரு குவார்ட்டர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருகியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் கல்லீரலில் கட்டி. எப்போதோ வந்த மஞ்சள் காமாலை உள்ளேயே தங்கி வேலையைக் காட்டிவிட்டதாம். குடிகார தோஸ்துகள் எல்லாம் கல்லுக்குண்டாட்டம் திரிய, இவர் ராயபுரத்து ஸ்கேன் சென்டரில் பச்சை அங்கியோடு படுத்துக் கிடந்தார்.

ஸ்கேன் எடுக்கும் நர்மதா பொறுமையாகச் சொன்னாள். "ஊசில மருந்து ஏத்துவோம் ஐயா. அது ரத்தத்தோட போய் கட்டிக்குள்ள எப்போ நுழையுது, எவ்ளோ வேகமா வெளிய வருதுன்னு படம் படமா எடுப்போம். அத வச்சு கம்ப்யூட்டர்ல ரத்த ஓட்டத்தக் கணக்குப் போடுவோம். ஒரே குழாய்தான் கட்டிக்கு ரத்தம் குடுக்குதுன்னா, அத அடைச்சு கட்டியப் பட்டினி போட்டுடலாம்."

"பல குழாயா இருந்துச்சுன்னா?"

"மொதல்ல பாப்போம்" என்றாள். பிறகு டியூப் வைத்த ரப்பர் பந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். "முடியலன்னா இத அமுக்குங்க."

மிஷின் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று ஸ்பீக்கர் கேட்டது. அப்பாவு பந்தை ஒருமுறை அமுக்கினார். மணி அலறியது, மிஷின் நின்றது, நர்மதா ஓடி வந்தாள்.

"இன்னாம்மா இப்டி பதற்ற? ஒரு தபா அமுக்குனா நல்லாகீறேன்னு தானே?"

படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் முங்குவார், இன்னொருவர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தூக்கு. முப்பது வருஷம் அந்தக் கயிற்றோடு பழகிய கை, வேறு எப்படித்தான் புரிந்துகொள்ளும்?

அவர் இதைச் சொல்லக் கேட்டு நர்மதா சிரித்துவிட்டாள். "இது கயிறு இல்ல ஐயா. மருந்து ஏறினப்புறம் அமுக்கி நிறுத்துனா, இன்னிக்கு எடுத்ததெல்லாம் வீண். அடுத்த தேதி கெடைக்க மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்காது. ஆறே நிமிஷம், அசையாதீங்க."

கைநரம்பில் சில்லென்று ஏறியது. "மூச்சப் புடிங்க" என்றது ஸ்பீக்கர். அது அவருக்குப் பெரிய காரியமா? பிடித்தார். மிஷின் தடதடவென்று அடித்தது. அப்போது உள்ளங்கையில் டியூப் விறைத்தது. மறுமுனையில் யாரோ இழுத்தார்கள். இரண்டு முறை.

மிஷின் அதிருது, அவ்ளோதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் சொல்லிக்கொண்டார். தம்பி செங்குட்டுவன் வலையை அறுக்க இறங்கியிருந்தான். கயிறு இரண்டு முறை இழுபட்டது. நீரோட்டம் இழுக்கிறது என்று அப்பாவு சும்மா இருந்துவிட்டார். தூக்கிப் பார்த்தபோது தம்பிக்கு மூச்சு இல்லை.

மறுபடியும் இழுத்தது. முதலில் வெடுக்கென்று ஒன்று, பிறகு நீளமாக ஒன்று. செங்குட்டுவன் மட்டும்தான் அப்படி இழுப்பான்.

அப்பாவுவின் விரல்கள் பந்தைச் சுற்றி இறுகின. ஒரே ஒரு அமுக்கு போதும். மணி அடிக்கும், அவனுக்குக் கேட்கும். மூணு வாரம், கட்டி சும்மா இருக்காது என்று நர்மதா சொன்ன பேச்சும் கூடவே நினைவுக்கு வந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு உயிர் மேல் ஆசை வந்தது. வேறு சாக்கு எதுவும் அவரிடம் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

இழுப்புகள் வந்துகொண்டே இருந்தன. போகப் போக வலு குறைந்தது. கடைசியில் ஒன்று, எறும்பு ஊர்வது போல. அப்புறம் டியூப் தொய்ந்து உள்ளங்கையில் கிடந்தது.

"மயிரிழைகூட அசையல ஐயா! இவ்ளோ சுத்தமான படம் நான் எடுத்ததே இல்ல" என்றாள் நர்மதா, படுக்கையை வெளியே இழுத்தபடி.

"இந்த டியூப்ப யாராச்சும் இஸ்தாங்களாம்மா?"

"அந்தப் பக்கம் யாரு இருக்கா இழுக்க? அதுல வெறும் காத்துதான்."

மதியம் டாக்டர் கம்ப்யூட்டரில் வண்ணப் படத்தைக் காட்டினார். கட்டிக்குள் ரத்தம் ஒரே பக்கத்திலிருந்து சிவப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரே குழாய்தான், அடுத்த வாரமே அடைத்துவிடலாம், பிழைத்துக்கொள்வீர்கள் என்றார். பட்டம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் அப்பாவு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா, நல்ல சேதி சொல்லிக்கீறாங்க. நீ அயுதுகினு கீற?"

அவர் காசிமேட்டுப் பக்கம் தெரிந்த கடலைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

"தம்பிய ரெண்டாந்தபாவும் வுட்டுட்டேன் பட்டு. இந்த தபா தெரிஞ்சே வுட்டேன்."