பாம்பனுக்கு மேலே ஆறு முறை

உச்சிப்புளியில் வசந்தகுமார் தன் வீட்டு மாடியில் விமானப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறக்கவிருந்தார். நிஜ விமானம் இல்லை. மூன்று திரை, ஒரு கைப்பிடி, பெடல்கள், பழைய காரிலிருந்து கழற்றி இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஓர் இருக்கை. விமானியாக விரும்பும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகலாம். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் சின்னச்சாமி தன் மகள் மாலதியைச் சொன்னார். அவர் வசந்தகுமாரின் வயலில் கூலி வேலை செய்பவர். மாலதி டிப்ளமோ முடித்து, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு பஸ். உள்ளூர் வேலைக்காக அவள் ராமநாதசுவாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

மாலதி வந்து பார்த்த அன்று, திரையில் விமானம் பாம்பன் பாலத்தை நெருங்கும்போது படம் விக்கி விக்கி நின்றது. பிராசசரின் ஒவ்வொரு கோரையும் இரண்டு போல வேலை வாங்கும் ஹைப்பர் த்ரெட்டிங்கை அணைத்தால் சரியாகும் என்று இணையத்தில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அணைத்தால் வேகம் போய்விடும் என்றார்கள் மீதிப் பேர். எட்டுக் கோரும் பதினாறு போல வேலை செய்யும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார் என்று வசந்தகுமார் புலம்பினார். எது சரி என்று நிரூபித்துக் காட்டினால் வேலை அவளுக்குத்தான் என்றார்.

முதலில் அவரையே ஓட்டச் சொன்னாள். ஒரு தடவை கடலுக்கு மேல் வளைந்து போனார். மறு தடவை மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தார். ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை. அதனால் மாலதி விமானத்தை ஆட்டோபைலட்டில் விட்டாள். ஒரே உயரம், ஒரே மேகம், மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் கோபுரம் வரை ஏழு நிமிடம். ஹைப்பர் த்ரெட்டிங்குடன் மூன்று முறை, இல்லாமல் மூன்று முறை, மாற்றி மாற்றி. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியிருந்தது.

இரண்டு மணி நேரம் ஆனது. வசந்தகுமார் சோபாவில் சாய்ந்திருந்தார். மாலதி நின்றபடி, பக்கத்து மேசையில் இருந்த கீபோர்டுக்குக் குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். விமானம் தானாகவே பறந்தது. இருக்கை காலியாகக் கிடந்தது. உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் அப்பா இன்றைக்கும் அந்த வீட்டு வாசல்படிக்குக் கீழே நின்றுதான் பேசுகிறார்.

கடைசியில் எண்களைக் காட்டினாள். சராசரி வேகத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அணைத்தபோது விக்கல் பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது.

"அணைச்சே வையுங்க சார். இந்த சிமுலேட்டர் பெரும்பாரத்த ஒரே கோர்லதான் ஏத்துது. அங்கன இன்னொரு வேலையும் பங்குக்கு வந்தா திணறும். இந்த மெஷினுக்கு மட்டுந்தான் சொல்றேன், வேற மெஷின்ல மாறலாம்."

வசந்தகுமாருக்கு முகம் மலர்ந்தது. ஒண்ணாந்தேதியிலிருந்து வந்துவிடு என்றார்.

அப்போதுதான் அவர் மனைவி உமாமகேஸ்வரி காபியோடு மாடிக்கு வந்தாள். மாலதி ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"இம்புட்டு நேரமும் நின்னுக்கிட்டா இருந்தே? அந்த சீட்டு சும்மாதான கெடக்கு. உக்காரு தாயி."

மாலதி தயங்கினாள். உமாமகேஸ்வரி தோளைத் தொட்டு உட்கார வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தாள். திரையில் ராமேஸ்வரம் நின்றிருந்தது. மாலதி அறியாமலேயே அவள் இடது கை கைப்பிடியின் மேல் போய் அமர்ந்தது.

வசந்தகுமார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காபி முடிவதற்குள் திரும்பி வந்தார். அவருடைய மச்சான் ஏற்கெனவே ஒரு பையனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம், இப்போதுதான் தெரிந்ததாம்.

"ஏதாச்சும் பழுதுன்னா உங்கய்யாகிட்ட சொல்லி விடுறேன்," என்றார்.

மாலதி எழுந்தாள். எண்கள் எழுதிய தாளை மேசையிலேயே வைத்தாள். ஹைப்பர் த்ரெட்டிங்கை அணைத்தது அணைத்தபடியே விட்டாள். படிக்க வரும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

உமாமகேஸ்வரி கேட் வரை பின்னாலேயே வந்தாள்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். வேல கெடச்சிருக்கும்."

"கெடச்சிருக்கும்க்கா," என்றாள் மாலதி. "தெனமும் நின்னுக்கிட்டே பாத்திருப்பேன்."

உமாமகேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். மாடியிலிருந்து கணவர் கூப்பிட்டதும் விட்டுவிட்டாள்.