முள்ளங்கிப் பாத்திப் புழு

பூச்சியையும் புழுவையும் பார்த்து இன்னதென்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீஸுக்கு வருகிறவற்றை ஒழுங்காக லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். சொந்தக்காரர்கள் கொண்டுவந்தால் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவ்வளவு தொல்லை. அதிலும் என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி காய்கறி போட்டுவிட்டு, வாரம் ஒரு பாட்டிலில் பூச்சி பிடித்து அனுப்புவார்.

அன்று அண்ணி கொண்டுவந்த பாட்டிலில், ஸ்பிரிட்டில் ஏழெட்டு வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. முள்ளங்கிப் பாத்தியில் நின்றுவிட்டு வந்தபோது அண்ணனுடைய ரப்பர் பூட்ஸுக்குள் இருந்தனவாம். சாப்பாட்டு நேரம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் படித்த படிப்பும் பறந்தது. முள்ளங்கி என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. வேர்ப்புழுதான், பயப்பட ஒன்றுமில்லை, பாத்தியில் மருந்துத்தூள் போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை இழுப்பறையில் போட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணி போன் செய்தார்.

"தூள் போட்டாச்சு தம்பி. முள்ளங்கியப் பிடுங்கிப் பாத்தா ஒரு ஓட்டைகூட இல்ல. ஆனா பூட்ஸுல மட்டும் புழு வர்றது நிக்கவே மாட்டேங்குது."

இழுப்பறையைத் திறந்தேன். லென்ஸில் புழுவின் பின்பக்க மூச்சுத்துளைகளைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முள்ளங்கி தின்கிற ஜாதியே இல்லை அது. அழுகும் சதையில் வளர்கிற ஈப்புழு. அண்ணனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை; பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. குனிந்து பார்க்கத் தொப்பை விடாது. நாற்றத்தை எரு நாற்றம் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் காலுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். உள்ளங்காலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், பத்து நாள் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். ஏன் வரவில்லை என்று கேட்டார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் குரலில் பெருமை குறையவில்லை.

"எங்களுக்கு என்ன டாக்டர் தெரியும்? இவன் என் தம்பி, இவனுக்குத் தெரியாத புழு கிடையாது. இவன் பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னப்புறம்தான் நிம்மதியா இருந்தோம்."