கீழ்நோக்கி நின்ற சைக்கிள்

தம்பியின் காலிலிருந்து அந்த ஷூவை எப்படிக் கழற்றுவது என்று அக்காவுக்குப் புரியவில்லை. கயிறு இல்லை, கொக்கி இல்லை. மேலே கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு திருகு மட்டும் இருந்தது. வலப்பக்கம் திருகிப் பார்த்தாள், இன்னும் இறுகியது.

"ஐயோ, வலிக்குமே" என்று சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"நான் எடுக்கறேன்க்கா." அதுவரை ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். அவள் முழங்காலில் செம்மண் காய்ந்திருந்தது. திருகை நகத்தால் மேலே இழுத்ததும் ஷூ தானாகத் தளர்ந்தது. கழற்றித் தரையில் வைத்தபோது, பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் வைத்திருந்த இரும்புத் துண்டு டக்கென்றது. மற்றதையும் அப்படியே கழற்றினாள்.

இவள்தான் டிராயிங் டீச்சராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், "டீச்சர் காத்துக்கிட்டிருப்பாங்கக்கா" என்று ஓடுவானே, அவனோடு சைக்கிள் ஓட்டும் அந்த டீச்சர்.

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். அக்கா வீட்டு மாடியில்தான் தனியாக இருந்தான். ஞாயிறு விடிந்ததும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவான். ஜல்லிப் பாதைக்கென்றே செய்த சைக்கிள் அது. ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, பருத்த டயர். நீர்த்தேக்கத்தைச் சுற்றி மலை மேலேயே அறுபத்திரண்டு கிலோமீட்டர், ஏழு ஏற்றம். "வாரம் பூரா லிஃப்ட்டுல ஏறி ஏறி அலுத்துப்போச்சாடா உனக்கு?" என்று அக்கா கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே தெருமுனை தாண்டியிருப்பான்.

அவனுக்கு பிரஷர் இல்லை, சுகர் இல்லை. மருந்துக்கடையில் நின்று ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அக்கா, தம்பிக்கென்று ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

வெளியே வராந்தாவில் வனக்காவலர் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஜீப்பில்தான் தம்பியை மலையிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

"விழலைங்க. ஒரு சிராய்ப்புகூட இல்ல. பாறையில சாஞ்சு உக்காந்திருந்தாரு. ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வெச்சிருந்தாரு. சைக்கிளைத் திருப்பி, இறக்கம் பாத்து சாத்தியிருந்தாரு. பாதியிலயே வீட்டுக்குத் திரும்பிடலாம்னு நினைச்சிருப்பாரு போல."

அக்கா ஷூக்களைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

காலை எட்டு பத்துக்கு அவள்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது. உன் மலையெல்லாம் அங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடிடாது. வந்து என்னன்னு பாரேன்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "வரேன்க்கா."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அக்காவுக்கு எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்றே பிடிபடவில்லை. யார் யாரோ வந்தார்கள். நாற்காலிகள் வந்தன, போயின. டாக்டர் சொன்னதை எல்லோரிடமும் ஒப்பித்தாள்: "ஹார்ட் சட்டுனு நின்னுருக்காம். எங்க இருந்திருந்தாலும் நின்னிருக்குமாம்." சொல்லி முடித்ததும், உண்மையில் டாக்டர் அப்படித்தான் சொன்னாரா என்ற சந்தேகம் வந்துவிடும்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது தம்பியின் போன் அடித்தது. அவள்தான் அதை சார்ஜில் போட்டு வைத்திருந்தாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"சார், பி பிளாக் லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுருச்சு."

"அவன் மலைக்குப் போயிருக்கான். வந்ததும் சொல்றேன்" என்றாள் அக்கா.

கூடத்தில் பேச்சு நின்றது. கணவர் எழுந்து வந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். கணவர் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தார்.

"யாருங்க மோட்டாரை ரிப்பேர் பண்ணாங்க?"

"யாரும் பண்ணலையே. ஞாயித்துக்கிழமை மத்தியானமே வந்தவங்க யாரோ சுவிட்சைப் போட்டிருக்காங்க, ஏறிடுச்சு. காத்து அடைச்சிருந்திருக்கும்."

அவள் குழாயை மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள்.

புதன்கிழமை காலை டீச்சர் காரோடு வந்து நின்றாள். சைக்கிளை ஜீப்பில் ஏற்ற இடமில்லாமல், வனக்காவலர் அங்கேயே ஒரு மரத்தோடு பூட்டு போட்டு வைத்திருந்தார். சாவி டீச்சரிடம் இருந்தது.

"நான் எடுத்துட்டு வந்துடறேன்க்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நானும் வரேன்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கார் மலையேறத் தொடங்கியதும் டீச்சர் பேச ஆரம்பித்தாள். "நாங்க அண்ணனை ஆமைன்னுதான் கூப்பிடுவோம்."

"ஆமையா? அவன் சாப்பாட்டையே நின்னுக்கிட்டுத்தான் முடிப்பான்!"

"மலையில அப்படியில்லக்கா. நின்னு நின்னுதான் வருவாரு. 'நீ போம்மா, நான் வரேன்'னு சொல்லிட்டு எங்கயாவது மரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாரு."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரைப் பற்றியோ சொல்கிறாளோ என்றிருந்தது.

தார் ரோடு முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். சரளைக்கல் செருப்புக்கடியில் உருண்டது. பத்தடிக்கு ஒருமுறை அக்கா நின்று மூச்சு வாங்கினாள். அந்த ஏற்றத்துக்கு சைக்கிள்காரர்கள் வைத்திருந்த பெயர் வாய்மூடி மேடு. எப்பேர்ப்பட்ட வாயாடியும் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவானாம்.

பாறை வந்தது. சாய்ந்து உட்கார வசதியான, சாதாரணப் பாறை. எதிரே சைக்கிள் மரத்தோடு கட்டியிருந்தது.

"எப்படி நின்னுச்சு, காட்டுங்க" என்றாள் அக்கா.

டீச்சர் பூட்டைத் திறந்து, சைக்கிளைப் பாறையில் இறக்கம் பார்த்துச் சாத்தினாள்.

"வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கான்" என்றாள் அக்கா. "நான்தான் போன் பண்ணேன். தண்ணி ஏறலை, வாடான்னு. இந்த மேட்டுல அவசர அவசரமா திருப்பினதுலதான்..."

டீச்சர் சைக்கிளை எடுத்து, மேல்நோக்கி வைத்து, ஏறி ஒரு மிதி மிதித்தாள். பின்சக்கரம் கல்லை வாரியிறைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. காலை ஊன்றி இறங்கினாள்.

"பாத்தீங்களா? இங்க நின்னுட்டா மேல பாத்துக் கிளப்ப முடியாதுக்கா. திருப்பி, அந்த வளைவு வரைக்கும் இறங்கி, காலைப் பெடல்ல மாட்டிக்கிட்டு, வேகம் எடுத்துத்தான் மறுபடி ஏறணும். நாங்க எல்லாருமே அப்படித்தான்."

"அப்போ மேல ஏறத்தான் திருப்பினானா?"

"இருக்கலாம்."

"வீட்டுக்கு வரத்தான் திருப்பினானோ?"

"அதுவும் இருக்கலாம்க்கா. எனக்குத் தெரியல." டீச்சர் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். "இறங்கி வந்து பாக்கறதுக்கு முன்னாடி நான் மேல நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு பாக்கெட் முழுசா."

அக்கா பாறையில் உட்கார்ந்தாள். "வரேன்க்கா"ன்னுதான் சொன்னான் என்று சொல்ல வாயெடுத்தாள். இதோ வருகிறேன் என்று சொன்னானா, போனை வைப்பதற்காக எல்லோரும் சொல்வதைப் போலச் சொன்னானா? அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். காலையில்கூடக் காதில் இருந்தது. இப்போது மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்டது. அதுவும் அவளுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை.

"இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வளைவு. அப்புறம் தண்ணி தெரியும்."

"போலாம்."

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். அக்கா பின்னாலிருந்து இருக்கையில் கைகொடுத்தாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

மேலே காற்று பலமாக இருந்தது. கீழே நீர்த்தேக்கம். தண்ணீர் வற்றிய ஓரத்தில், எப்போதோ மூழ்கிப்போன ஒரு தார்ச்சாலை வெளியே வந்து, கொஞ்ச தூரம் நேராகப் போய், மறுபடி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் நட்டநடுவில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தூண்டில் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் எழுந்தார், நாற்காலியைத் தூக்கி நாலடி தள்ளிப் போட்டார், திரும்பவும் உட்கார்ந்தார். "போலாமாக்கா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "வரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே நின்றாள்.