கால்வாய்க்கு ஓர் அம்புக்குறி

1

இந்தக் கதை என் மூக்கில் தொடங்கியது. மறைப்பானேன், இதற்குப் பின்னால் பெரிய சிந்தனை எதுவும் இல்லை. ஒரு காலையில் சமையலறையில் நின்று காப்பி கலந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் நாற்றம் வரவில்லை. ஜலதோஷம் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம். காப்பித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன், வாசனை வந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, அதுவும் வந்தது. கடைசியில் துணிந்து பின்பக்க ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். வெறும் சேற்று வாடை. மழை பெய்தால் எந்த ஊரிலும் வருமே, அது.

நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை. வீட்டைக் காட்ட வந்த தரகர் பேச்சு முழுவதும் அதன் மேலேயே சாய்ந்து நின்றிருந்தார் என்பது சாமான்களை இறக்கிய பிறகுதான் உறைத்தது.

அதே வாரம் ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். சுற்றுச்சூழல் சிறப்பிதழாம், ஒரு கதை வேண்டுமாம். முடிவில் நம்பிக்கை இருக்கட்டும், வாசகர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள் என்றார். விஷயம் வீட்டுக் கொல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதே என்று உடனே ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

2

தொடக்கங்கள்:

‘ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில்’

இல்லை. இப்படித் தொடங்கினால் நான்காவது வரியில் எனக்கே அழுகை வந்துவிடும்.

‘கறுத்த நீரின் மேல் நிலா தன் முகத்தை’

நிலாவை விட்டுவிடுவோம், பாவம்.

‘நேற்றிரவு கால்வாயில் ஒரு பிணம் மிதந்தது.’

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிதக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டேன்.

சிக்கல் எங்கே என்று யோசித்தேன். கெட்டுப்போவதில் கதை இருக்கிறது. ஆலை வெடிக்கிறது, வெள்ளம் ஊருக்குள் வருகிறது, ஓடு, பிடி. தேறுவதில் கதை எங்கே இருக்கிறது? ஒரு கால்வாய் மாதத்துக்கு ஒரு சிட்டிகை என்ற கணக்கில் தேறுகிறது. இன்று ஜன்னலில் நின்று பார்த்தாலும் ஒன்றும் நடக்காது, நாளைக்குப் பார்த்தாலும் நடக்காது. வில்லன் திருந்திக்கொண்டிருக்கிறான், அதுவும் ஆற அமர. இந்த மாற்றம் முடிய வேண்டுமானால் ஒரு தலைமுறை ஆகும், எனக்கு ஆசிரியர் கொடுத்திருப்பதோ நாலு பக்கம்.

இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று முடிவுசெய்தேன். ஆளும் குடும்பத்திலேயே இருந்தாள்.

3

என் மனைவியின் தங்கை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நிலம், நீர், காற்று எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று மதிப்பிட்டுத் தலையணை பருமனில் அறிக்கை எழுதும் அலுவலகத்தில் வேலை. நீர் பற்றிய அத்தியாயம் அவளுடையது. அதில் ஒவ்வொரு ஏரிக்கும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் எதிரே ஓர் அம்புக்குறி போட வேண்டும். தேறிவந்தால் மேல்நோக்கி, கெட்டுவந்தால் கீழ்நோக்கி, அப்படியே கிடந்தால் பக்கவாட்டில். அதனால் குடும்பத்தில் அவளுக்கு அம்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இதுவரை இரண்டு அறிக்கை முடித்திருக்கிறாள். இரண்டிலும் அவள் போட்டதெல்லாம் கீழ்நோக்கிய அம்புகள், இடையிடையே சில பக்கவாட்டு அம்புகள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வளைத்துக்கொண்டு உலகம் தேறுமா, தேறாதா என்று கேட்பார்கள். முதல்ல சாப்பிடுங்க என்பாள்.

கதையில் அவளை இப்படி அறிமுகப்படுத்தினேன்: ‘மெலிந்த தேகம். சோகம் ததும்பும் விழிகள். பூமியின் பாரத்தையெல்லாம்’

தகவல் சொல்வதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். எழுதியதைக் காட்ட வேண்டும், தப்பு இருந்தால் அவளே திருத்துவாள், திருத்தியதை நான் அழிக்கக் கூடாது. ஆகவே,

[அம்புவின் குறிப்பு: எனக்கு மெலிஞ்ச தேகமும் கிடையாது, எதுவும் ததும்பவும் இல்ல. கண்ணாடி போட்டிருக்கேன், அவ்வளவுதான். அக்கா கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்தான் என்னைப் பார்த்துட்டுத்தான் இருக்கார்.]

4

நாற்றம் போன விஷயத்தை அவளிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். வந்தாள், ஜன்னலில் தலையை நீட்டினாள், ரொம்ப நேரம் உள்ளே இழுக்கவே இல்லை. திரும்பியபோது முகம் சரியில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து விளக்கினாள். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன், தப்பு இருந்தால் அடைப்புக்குறி வரும்.

எங்கள் கால்வாய் தேறிவருவது உண்மை. நாலைந்து வருடமாகத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே இருக்கிறது, சின்ன மீன்கள் வந்திருக்கின்றன. ஆனால் தானாக ஒன்றும் தேறவில்லை. ‘மிக மோசம்’ பட்டியலில் இருப்பதால் அதற்குத் தனிக் கவனிப்பு. திருப்பங்களில் தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரங்கள் ஓடுகின்றன. பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிடாமல் ஒரு குழு சுற்றி வருகிறது. நிஜமான வைத்தியம் வேறு. கரையோரத் தெருக்களின் வீட்டுக் கழிவெல்லாம் கால்வாயில் விழாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகக் குழாய் பதிக்க வேண்டும். பதித்து முடிக்க இன்னும் எட்டு வருடம் ஆகும். அதுவரைக்கும் இயந்திரம்தான் கால்வாய்க்கு மூச்சு.

மேல்நோக்கி அம்பு போட்டால் கால்வாய் பட்டியலைவிட்டு வெளியே வந்துவிடும். வந்தால் இயந்திரங்களைக் கழற்றி ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கால்வாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரே கோடையில் எங்கள் கால்வாய் பழைய கதைதான். பக்கவாட்டில் போட்டால் இயந்திரங்கள் இங்கேயே இருக்கும். ஆனால் அது பொய். வெள்ளிக்கிழமை நடக்கும் அறிக்கைக் கூட்டத்தில் அவள் ஏதோ ஒன்றைப் போட்டாக வேண்டும்.

மேல்நோக்கிப் போடச் சொல்லி அலுவலகத் தலைவர் ஏற்கெனவே கோடிகாட்டிவிட்டார். அறிக்கை முழுக்கத் தேடினாலும் வேறு நல்ல செய்தி கிடையாது, இதை அட்டையிலேயே போடலாம் என்று அவருக்கு ஆசை. கதைக்கு வில்லன் கிடைத்தான் என்று அவருக்கு ஒரு மோதிரமும் நீளமான காரும் கொடுத்து எழுதிப் பார்த்தேன்.

[அம்புவின் குறிப்பு: தலைவர் பஸ்ல வர்றவர். நல்ல மனுஷன். அந்த இன்னொரு கால்வாய்ப் பாலத்துல போய் நின்னு பார்த்தேன், அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. அங்கே இருக்கறவங்களுக்கும் மூக்கு இருக்கு அத்தான்.]

வில்லன் போனான். அன்றைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னதை மட்டும் ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன்.

“வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஒரே ஒரு அம்பு மேல பார்த்துப் போட்டுடணும்னு ஆசை அத்தான். இப்ப போடலாம்னா கை வர மாட்டேங்குது.”

நல்ல வசனம், கதைக்கு ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் அந்த மாதிரி அத்தான்.

5

முடிவுகள்:

முடிவு அ. அம்பு மேல்நோக்கிப் போடுகிறாள். கைதட்டல். அட்டையில் கால்வாய்ப் படம். இயந்திரங்கள் லாரியில் ஏறுகின்றன. அடுத்த கோடையில் நான் ஜன்னலைச் சாத்துகிறேன். இதை அனுப்பினால், நம்பிக்கை எங்கே என்று ஆசிரியர் கேட்பார்.

முடிவு ஆ. பக்கவாட்டில் போடுகிறாள். நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு காற்று வாங்குகிறோம். பின்னொரு நாள் யாரோ அவள் அளவுகளை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் கீழ்நோக்கிப் போட்ட உண்மையான அம்புகளையும் யாரும் நம்புவதில்லை. (சும்மா பக்கவாட்டில் போட்டுத் தொலையேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நிஜத்திலேயே அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அடுக்களையில் என் மனைவி ஒரு தட்டை வைத்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.)

முடிவு இ. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு மீன் துள்ளி மேஜைமேல்

[அம்புவின் குறிப்பு: வேண்டாம்.]

6

என் மனைவிக்குக் கதைகளில் நாட்டம் கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் நானும் அம்புவும் மேஜையில் மூன்று முடிவுகளையும் பரப்பிவைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“காய்ச்சல் விட்டுடுச்சுன்னு மூணாம் நாளே மாத்திரையை நிறுத்திட்டு, மறுபடியும் ஒரு வாரம் படுத்தது யாரு?”

நான்தான். போன மழைக்காலத்தில். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், எதற்கு இப்போது மானத்தை வாங்குகிறாய் என்று கேட்டேன். அம்பு என்னை லட்சியம் பண்ணவே இல்லை. அன்றைக்கு டாக்டர் சீட்டில் என்ன எழுதினார் என்று அக்காவிடம் கேட்டாள். தேறிவருகிறார், மருந்தைத் தொடரவும் என்று எழுதியதாக அக்கா சொன்னாள். நான் அதில் முதல் பாதியை மட்டும் படித்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவர்கள் அட்டவணையில் முதல் பாதிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட அம்பு உண்டு. எதனால் போகிறது, எது தாங்கிப் பிடித்திருக்கிறது, இன்னும் எத்தனை காலம் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டம் கிடையாது. அம்புக்குப் பக்கத்தில் அந்தக் கட்டத்தைக் கேட்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பட்டியலைவிட்டு எடுக்க வேண்டும். மறுகோடிக் கால்வாய்க்கு இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போகாமல் புது இயந்திரம் கேட்க வேண்டும்.

ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். சந்தேகம்தான் என்றாள். ஒரு கட்டம் கூட்டினால் எல்லா அத்தியாயத்துக்காரர்களும் எல்லா வரிகளையும் திரும்ப எழுத வேண்டும். காடு, மண், காற்று, ஒன்றையும் விட முடியாது. அடிக்க வருவார்கள். அடுத்த அறிக்கையில் பார்க்கலாம் என்று தலைவர் சொல்லக்கூடும். அடுத்தது ஐந்து வருடம் கழித்து.

[அம்புவின் குறிப்பு: இந்தப் பகுதி சரியா இருக்கு. அக்காவுக்கு மட்டும் ஏன் வர்ணனையே இல்ல?]

(பயம்.)

7

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. டீ இடைவேளையில் அம்பு போன் பண்ணினாள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

“போட்டுட்டேன் அத்தான். மேல பார்த்து.”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். அவள் அம்பு போட்டபோது காட்டு அத்தியாயத்துக்காரர் எழுந்து நின்று கைதட்டினாராம். பிறகு அவள் புதுக் கட்டத்தைக் கேட்டதும் அதே மனிதர் உட்கார்ந்துவிட்டாராம். டீக்குப் பிறகு அதைப் பற்றித்தான் விவாதம், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஆசிரியரிடம் இதுவரை நடந்ததைச் சொன்னேன். அட, இதுதான் முடிவு என்றார். முதல் முறையாக ஓர் அம்பு மேலே பார்க்கிறது, ஒரு பெண் அழுதுகொண்டே சிரிக்கிறாள், இதற்கு மேல் என்ன நம்பிக்கை வேண்டும், இங்கேயே நிறுத்துங்கள் என்றார். எனக்கும் சபலம்தான். முற்றும் என்று எழுதியும்விட்டேன். எழுதிவிட்டுப் பார்த்தால், காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளில் கதை நிற்கிறது. நல்லது நடந்த இடமாகப் பார்த்து முற்றும் போடுவதும் இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுவதும் ஒரே வேலை. அடித்துவிட்டேன்.

அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருந்தபோது அழைப்புமணி. வாசலில் தொப்பியும் சேற்றுச் செருப்புமாக ஒருவர், குழாய் பதிக்கும் மேஸ்திரி. எங்கள் தெருவின் முறை வந்துவிட்டதாம். வாசற்படியை இடிக்க வேண்டுமாம். மழைக்காலம் முடியும்வரை பலகைமேல் நடந்துதான் போக வர வேண்டும், புழுதி பறக்கும், சத்தம் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். என் வண்டி வழியில் நிற்கிறது, கொஞ்சம் எடுக்க முடியுமா என்றும் கேட்டார்.

அடுத்த தெருவில் முதலில் தோண்டக் கூடாதா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. என் மனைவி பின்னால் வந்து நிற்கிறாள், துணி மடிக்கவில்லை, சும்மாதான் நிற்கிறாள்.

சரி, நான் போய் வண்டியை நகர்த்த வேண்டும். கதையை நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வைத்துவிடாதீர்கள். அம்புவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. வந்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். எடுத்ததும் அத்தான் என்றுதான் ஆரம்பிப்பாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சொல்லு அம்பு என்று மட்டும் சொல்லுங்கள்.