மகள் அறையில் ஏறிய கடல்

நாற்பதாவது வாளியைக் கொட்டிவிட்டு அம்மா லியான் ஓட்டமாய் உள்ளே திரும்பியபோது, மகள் அறையில் கடல் முழங்காலைத் தாண்டியிருந்தது. நிஜக் கடல் அந்தக் கோதுமைப் பண்ணைக்கு முந்நூறு கிலோமீட்டர் மேற்கே. குழாய் பழுது பார்க்கும் நெவில் திங்கட்கிழமையே வந்து, விரலை நனைத்து நக்கிப் பார்த்து, "உப்புக் கரிக்குது லியான். இதுக்குப் படகுக்காரனைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பதினாறு வயது மகள் டீகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மே மாதம் வலைப்பந்து ஆட்டத்தை விட்டாள். ஜூனில் சாப்பாட்டை. போன வாரம், யாரையும் தொடவிடாத தன் குதிரைச் சேணத்தைத் தோழிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். தாராள மனசு என்று லியான் பூரித்துப்போனாள். அன்று மாலைதான் கதவிடுக்கில் முதல் அலை நுரைத்தது.

கணவன் கிரெக் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தான். அந்த அறையின் வாசலை மட்டும் அவன் மிதிப்பதே இல்லை.

"ரெண்டு மில்லிமீட்டர் மழை."

"உள்ள வந்து அளந்து பாரேன்!"

"தானா வடியும். நீ எதையாவது கேட்டு அவ மனசுல விதைச்சிடாதே."

அந்தப் பயம் லியானுக்கும் இருந்தது. ஆனால் நீர் மெத்தையைத் தொட்டுவிட்டது. வாளியை வீசிவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"டீகன், செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அலைச்சத்தம் நின்றது.

"...ம்."

"இன்னிக்கா?"

"தெரியலம்மா. களைப்பா இருக்கு."

"சரி. நான் எங்கயும் போகல. டாக்டர்கிட்ட சேர்ந்தே போறோம்."

"திட்டலையா?"

"திட்டுறேன், அப்புறமா. மெத்தை நனைஞ்சதுக்கு."

நீர் ஒரு விரற்கடை இறங்கியது.

அன்றே, டீகன் கைக்கு எட்டாதபடி, பண்ணையில் வைத்திருந்த துப்பாக்கி போலீஸ் நிலையத்துக்குப் போனது. எட்டு வாரம் லியான் மகள் பக்கத்திலேயே படுத்தாள். வாராவாரம் இரண்டு மணி நேரம் காரோட்டி மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். கடல் இன்னும் இருமுறை ஏறியது. இருமுறையும் அதே கேள்வியைக் கேட்டாள். பிப்ரவரியில் சேணம் திரும்பி வந்தது. தரையில் சில கிளிஞ்சல்களும், சுவரில் இடுப்பளவில் ஓர் உப்புக்கோடும் மிஞ்சின.

அந்தத் தடத்தைச் சுரண்டி வண்ணம் பூச, லியான் அறிந்து கிரெக் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டினான். பழைய பூச்சு தகடாய் உரிந்து விழுந்தது. பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய உப்புக்கோடு. அவன் தலைக்கும் மேலே.

லியான் அவனைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல இது என் ரூம்" என்றான் கிரெக். "எனக்குப் பதினேழு வயசு. எங்கப்பா தினமும் ஒன்பது மணிக்கு மழையை அளந்துட்டுதான் இருந்தாரு."